கதை பொய், கப்பல் மெய்: 1958-இன் ‘தி வைக்கிங்ஸ்’ படத்தை டர்பன் வீட்டுக் கூடத்தில் பார்ப்பது எப்படி

பழைய ஹாலிவுட் சாகசப் படங்களில் பாதி இன்றைக்குப் போட்டால் பத்து நிமிடத்தில் கொட்டாவி வரும். ‘தி வைக்கிங்ஸ்’ அந்த ரகமில்லை. ஆனால் ஒரு கையில் போன், ஒரு கையில் ரிமோட் என்று உட்கார்ந்தால் இதற்கும் கொட்டாவிதான் வரும். ரிச்சர்ட் ஃப்ளைஷர் இயக்கிய படம். கிர்க் டக்ளஸ், டோனி கர்ட்டிஸ், ஜேனட் லீ, எர்னஸ்ட் போர்க்னைன் நடித்தது. ஓடும் நேரம் 116 நிமிடம். வைக்கிங்குகள் என்றால் வட ஐரோப்பாவின் பழைய கடலோடிகள், கொள்ளைக்காரர்கள். கதை அவர்களைப் பற்றிய பழைய நார்ஸ் கதைகளையும் நாவலையும் கலந்து அடித்த கற்பனை. ஆனால் அதில் வரும் கப்பல், நார்வே மலை, மூடுபனி, துடுப்பின் மேல் ஓடும் ஆள் எல்லாம் காமிரா முன்னால் உண்மையிலேயே இருந்தவை. கணினியில் வரைந்த கடல் இதில் ஒரு சொட்டுக்கூடக் கிடையாது. பொய்யை அதன் போக்கில் விட்டுவிட்டு மெய்யை உற்றுப் பார்க்கத் தெரிந்தால் இரண்டு மணி நேரம் போவதே தெரியாது.

முதலில் எந்தப் பிரதி என்று பாருங்கள். படம் டெக்னிராமா முறையில் எடுத்தது. 35 மி.மீ. பிலிமைக் காமிராவுக்குள் படுக்கைவாட்டில் ஓடவிட்டு, ஒரு ஃபிரேமுக்கு பிலிம் ஓரத்தின் எட்டுத் துளை அகலம் எடுத்துக்கொள்ளும் முறை அது. அதனால்தான் தூரத்து மலையில் நிற்கும் ஆள்கூடத் துல்லியமாகத் தெரிகிறான். அந்த அகலம் முழுவதும் வேண்டுமென்றால் அட்டையின் பின்புறம் 2.35:1 என்று போட்டிருக்க வேண்டும். 1.33 என்றோ ‘ஃபுல் ஸ்கிரீன்’ என்றோ இருந்தால் திருப்பி வைத்துவிடுங்கள். அதில் படத்தின் அகலத்தில் 43 விழுக்காட்டை வெட்டி எறிந்திருப்பார்கள், கப்பலின் மூக்கு தெரிந்தால் வால் தெரியாது.

தென்னாப்பிரிக்கா டிவிடிக்கு இரண்டாம் மண்டலம் (ரீஜன்), புளூ-ரேக்கு ‘பி’ மண்டலம். அமெரிக்காவிலிருந்து வரவழைக்கும் வட்டுகள் பல ஒன்றாம் மண்டலத்துக்கோ ‘ஏ’ மண்டலத்துக்கோ பூட்டியிருக்கும். இங்கே வாங்கிய பிளேயர் அவற்றைத் துப்பிவிடும். பணம் கட்டுவதற்கு முன் மண்டல எண்ணைப் பாருங்கள், இல்லையென்றால் எல்லா மண்டலமும் ஓடும் பிளேயர் யாரிடமாவது இருக்கிறதா என்று விசாரியுங்கள். இன்னொன்று: நம் ஊர் டிவிடி ‘பால்’ (PAL) என்ற ஒளிபரப்பு முறை. நொடிக்கு 24 ஃபிரேமில் எடுத்ததை 25-ஆக ஓட்டுவதால் 116 நிமிடப் படம் சுமார் 111 நிமிடத்தில் முடியும், குரல்களும் ஒரு நூல் உயர்ந்து கேட்கும். வெட்டிவிட்டார்களோ என்று பயப்பட வேண்டாம். 110-க்கும் கீழே போட்டிருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

டிவியைச் சரிசெய்வதற்குப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். முக்கியமான வேலை ஒன்றே ஒன்று: அசைவை வழுவழுப்பாக்கும் அமைப்பை அணைப்பது. எல்ஜியில் ட்ரூமோஷன், சோனியில் மோஷன்ஃப்ளோ என்று கம்பெனிக்கு ஒரு பெயர் வைத்திருப்பார்கள். டிவி தானாக இடைஃபிரேம்களைக் கற்பனை செய்து சொருகுவதுதான் அந்த வேலை. அதை விட்டுவைத்தால் 1958-இன் படம் நேற்று ஸ்டுடியோவில் எடுத்த சீரியல் போல ஆகிவிடும். துடுப்புகள் வேகமாக அடிக்கும்போது ஓரத்தில் பிசிறும் தட்டும். பிறகு பிக்சர் மோடை ‘மூவி’ அல்லது ‘சினிமா’வில் வையுங்கள். ஷார்ப்னெஸைக் கிட்டத்தட்ட பூஜ்யத்துக்கு இறக்குங்கள், ஏனென்றால் பிலிமின் மணல் போன்ற துகள்களை அது பூதாகரமாக்கிக் காட்டும். முகம் கொஞ்சம் மஞ்சளாகத் தெரிந்தால் கலங்காதீர்கள், ஐந்து நிமிடத்தில் கண் பழகிவிடும்.

43 அங்குல டிவியில் இந்தப் படம் ஓடும்போது மேலும் கீழும் ஏறக்குறைய ஆறரை சென்டிமீட்டர் கறுப்புப் பட்டை விழும். வீட்டில் ஒருவர் கட்டாயம் ‘ஜூம் பண்ணு’ என்பார். பண்ணாதீர்கள். அதற்குப் பதில் சோஃபாவை முன்னால் இழுங்கள், ஒன்றரையிலிருந்து இரண்டு மீட்டருக்குள். மூன்று மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் மலைகளுக்கு இடையே கடல் புகுந்த ஃபியோர்டின் பிரம்மாண்டம் தபால்தலை அளவுக்குச் சுருங்கிவிடும். ஒலியை மோனோவிலோ சாதாரண ஸ்டீரியோவிலோ விடுங்கள். ‘விர்ச்சுவல் சரவுண்ட்’ போட்டால் வசனம் குளியலறையில் பேசியது போல எதிரொலிக்கும்.

மின்சாரம் பற்றியும் ஒரு வார்த்தை. லோட்ஷெடிங் முன்னைப்போல் இல்லாவிட்டாலும் இரவு ஏழு மணிக்குச் சில இடங்களில் ‘லோட் ரிடக்‌ஷன்’ என்று வெட்டுகிறார்கள். 43 அங்குல எல்இடி டிவி 100 வாட், பிளேயர் 20, சவுண்ட்பார் 30 என்று வைத்தால் 150 வாட். இரண்டு மணி நேரத்துக்கு 300 வாட்-மணி. 12 வோல்ட் 100 ஆம்ப்-மணி லெட் ஆசிட் பேட்டரியில் கணக்குக்கு 1200 இருந்தாலும் பாதிக்கு மேல் இறக்கினால் பேட்டரி சீக்கிரம் செத்துப்போகும். இன்வெர்ட்டர் தின்பதும் போனால் கைக்கு 500 தேறும். படத்துக்குத் தாராளம். கெட்டிலை மட்டும் அதில் சொருகாதீர்கள். மலிவான இன்வெர்ட்டர்களின் அலை கட்டைகட்டையாக இருப்பதால் ஸ்பீக்கரில் ‘உம்ம்ம்’ என்று ஓர் இரைச்சல் வரும். இந்தப் படத்தின் கொம்போசையை அது கெடுத்துவிடும். ‘பியூர் சைன்’ இன்வெர்ட்டர் என்றால் அந்தத் தொல்லை இல்லை.

படம் போடுவதற்கு முன் வீட்டுப் பெரியவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் உறவுமுறையைச் சொல்லிவிடுங்கள். இல்லாவிட்டால் அரைமணி நேரத்துக்கு ‘இவன் யாரு, அவன் யாரு’ என்ற கேள்வியே ஓடும். சொல்வதற்கு நம்மிடம் குறுக்குவழி இருக்கிறது. நேட்டாலில் ‘சிக்ஸ்-ஃபுட் டான்ஸ்’ என்று பெயர் வாங்கிய தெருக்கூத்தைப் பார்த்தவர்களுக்குக் கர்ணன் கதை தெரியும். எரிக் (டோனி கர்ட்டிஸ்) ஒரு கர்ணன். ராணி வயிற்றில் பிறந்து, ரகசியமாக அனுப்பிவைக்கப்பட்டு, வழியில் வைக்கிங்குகளிடம் சிக்கி அடிமையாக வளர்ந்தவன். கவச குண்டலத்துக்குப் பதில் இவன் கழுத்தில் ஒரு வாளின் பிடிக்கல். ஐனார் (கிர்க் டக்ளஸ்) அவனுக்கு அண்ணன், அது இரண்டு பேருக்குமே தெரியாது. ராக்னர் (எர்னஸ்ட் போர்க்னைன்) இரண்டு பேருக்கும் அப்பன். மொர்கானா (ஜேனட் லீ) வேல்ஸ் இளவரசி. இருவருக்குமே அவள்மேல் ஆசை. ஏலா, வட இங்கிலாந்தில் நார்தம்ப்ரியாவின் கெட்ட ராஜா. இவ்வளவு போதும். அண்ணன் தம்பி விஷயம் முன்பே தெரிந்தால் ருசி குறையாது. படமே அதைப் பார்ப்பவருக்குச் சொல்லிவிட்டு அவர்களிடம் மட்டும் மறைத்துத்தான் விளையாடுகிறது.

ஒரு வேடிக்கை: அப்பனாக வரும் போர்க்னைன் பிறந்தது 1917 ஜனவரி, மகனாக வரும் டக்ளஸ் 1916 டிசம்பர். மகனைவிட அப்பன் ஒன்றரை மாதம் இளையவர். தாடிதான் வித்தியாசம். டக்ளஸுக்குத் தாடி இல்லை. அழகன் என்ற கர்வத்தில் மழித்துக்கொள்கிறான் என்று படத்துக்குள்ளேயே காரணம் வைத்திருக்கிறார்கள். எரிக் ஏவிய வல்லூறு அந்த முகத்தைக் கிழித்து ஒரு கண்ணைப் பறிக்கும்போதுதான் அந்தக் காரணம் எதற்கு என்று புரியும். பிறகு படம் முழுக்க டக்ளஸ் வெளிறிய லென்ஸ் ஒன்றைப் போட்டுக்கொண்டு நடிக்கிறார். அவர் எந்தப் பக்கம் காமிராவுக்குத் திரும்புகிறார் என்று கவனியுங்கள். 

படம் பேயோ சித்திரத்துணி பாணியில் வரைந்த பொம்மைகளோடு, ஆர்சன் வெல்ஸின் குரலில் தொடங்குகிறது. அந்த 68 மீட்டர்த் துணி 1066-இன் போரைச் சொல்வது, படத்தின் கதையோ ஒன்பதாம் நூற்றாண்டு. போகட்டும். அடுத்து வருவது கொள்ளையும் ஒரு ராணியின் மானபங்கமும். நேராகக் காட்டாவிட்டாலும் சின்னப் பிள்ளைகள் ‘ஏன் அழறாங்க?’ என்று கேட்பார்கள். விருந்து மண்டபத்திலும் பெண்களை நடத்தும் விதம் 1958-இன் கண்ணுக்கே கரடுமுரடு, கை வெட்டும் காட்சியும் உண்டு. பன்னிரண்டு வயதுக்குக் கீழே என்றால் இன்னொரு நாள் பார்க்கலாம்.

கப்பல் ஊர் திரும்பும் காட்சிக்குத்தான் வீடே நிமிர்ந்து உட்கார வேண்டும். பாறை உச்சியில் கொம்பு ஊதுகிறது. மாரியோ நசிம்பேனேயின் இசை அதே ஊதலை எடுத்துக்கொண்டு விரிகிறது. ஒலியை இரண்டு புள்ளி ஏற்றுங்கள். இடம் நார்வேயின் ஹார்டாங்கர் பக்கம், காமிரா ஜாக் கார்டிஃப். கப்பலை கோக்ஸ்டாட் கப்பலைப் பார்த்துச் செய்தார்கள். 1880-இல் நார்வேயில் ஒரு புதைமேட்டிலிருந்து தோண்டி எடுத்தது அது. நீளம் 23 மீட்டர் சொச்சம், பக்கத்துக்கு 16 துடுப்பு. பலகைகள் ஓட்டுக்கூரை போல ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்பதைப் பாருங்கள். சுக்கான் பின்னால் நடுவில் இல்லை, வலப்பக்கம் கட்டிய பெரிய துடுப்புதான் சுக்கான். கப்பலின் வலப்பக்கத்துக்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டார்போர்டு’ என்று பெயர் வந்ததே அதனால்தான்.

அப்போது டக்ளஸ் கப்பலின் பக்கவாட்டில் இறங்கித் துடுப்புகளின்மேல் ஓடுகிறார். டூப் இல்லை. இங்கே படத்தை நிறுத்தித் திரும்ப ஓட்டலாம், குற்றமில்லை. முதல் தடவை அவருடைய காலைப் பாருங்கள்: ஈரமான உருண்டைக் கட்டை, பாதம் விழுவது கப்பலின் ஓரத்தை ஒட்டி. வெளியே தள்ளி வைத்தால் துடுப்பு தாழும். இரண்டாம் தடவை உள்ளே உட்கார்ந்திருப்பவர்களின் கையைப் பாருங்கள். வெளியே ஓர் ஆளின் எடை அழுத்தினால் உள்ளே பிடி மேலே எழும்பும். அத்தனை பேரும் அதை அமுக்கிப் பிடித்தால்தான் அவர் விழாமல் இருப்பார். ஜூன், ஜூலையில் சார்டின் (மத்தி) மீன் வரும்போது நம் கடற்கரையில் வலைப்படகு அலையைத் தாண்டுவதைப் பார்த்தவர்களுக்கு ஒரு துடுப்பு பிசகினால் என்ன ஆகும் என்று சொல்லித் தர வேண்டாம். இது சினிமாக்காரன் கண்டுபிடித்ததும் அல்ல: நார்வே ராஜா ஓலாஃப் ட்ரிக்வாசன், ஆட்கள் துடுப்புப் போடும்போதே வெளியே துடுப்புகளின்மேல் நடப்பார் என்று பழைய சாகாக் கதை சொல்கிறது.

எரிக்கைக் கடற்குட்டையில் கட்டிப்போட்டு, நீர் ஏற ஏற நண்டு தின்னட்டும் என்று விடும் காட்சியில் ஓடின் தெய்வத்தை வேண்டியதும் காற்று திரும்பி ஓதம் வடிந்துவிடுகிறது. கடற்கரையில் தூண்டில் போடும் மாமாக்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

மூடுபனிக் காட்சி வேறு மாதிரி. எரிக் மொர்கானாவோடு தப்பி ஓடுகிறான், துரத்தும் கப்பல்களுக்குத் திசை தெரியவில்லை, எரிக்கின் கூட்டாளியிடம் மட்டும் வடக்கைக் காட்டும் மீன் வடிவ இரும்பு இருக்கிறது. வைக்கிங்குகளிடம் திசைகாட்டி இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. அவர்கள் சூரியன், நட்சத்திரம், பறவை, அலை பார்த்துப் போனவர்கள். ஆனால் காந்த மீன் என்ற பொருள் கற்பனை இல்லை. 1044-இல் சீனாவில் எழுதிய போர்க்கலை நூல் ஒன்று, மீன் வடிவில் வெட்டிய இரும்புத் தகட்டைக் காந்தமாக்கித் தண்ணீரில் மிதக்கவிடுவதைச் சொல்கிறது. இந்தக் காட்சி முடிந்ததும் இடைவேளை விடுங்கள். பயாஸ்கோப் காலத்தில் இடைவேளை இல்லாத படமே இல்லை, நாம் மட்டும் ஏன் அதைக் கைவிட வேண்டும்?

அந்தப் பத்து நிமிடத்தில் பேரப்பிள்ளைகள் ‘தாத்தா, அந்த மீன் எப்படி வடக்கைக் காட்டுது?’ என்று கேட்டால் பதில் மேசைமேலேயே கிடைக்கும். ஒரு தையல் ஊசி, ஒரு காந்தம், பாட்டில் கார்க்கிலிருந்து சீவிய அரை சென்டிமீட்டர் வில்லை, பிளாஸ்டிக் கிண்ணத்தில் தண்ணீர். காந்தத்தின் ஒரே முனையால் ஊசியைக் காதிலிருந்து நுனிவரை ஒரே திசையில் நாற்பது தடவை தேயுங்கள். ஒவ்வொரு தடவையும் காந்தத்தைத் தூக்கி ஆரம்பத்துக்குக் கொண்டுபோக வேண்டும். முன்னும் பின்னும் தேய்த்தால் போட்டதை நாமே அழித்த கதைதான். ஊசியை வில்லைமேல் கிடத்தி நடுத்தண்ணீரில் விடுங்கள், மெல்லத் திரும்பி நிற்கும். நிற்காமல் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டால் கிண்ணம் சின்னது. ஒரே பக்கம் பிடிவாதமாக இழுத்தால் அருகில் போனோ ஸ்பீக்கரோ எவர்சில்வர்த் தட்டோ இருக்கும். ஊசியின் எந்த முனை வடக்கு என்பது காந்தத்தின் எந்த முனையால் தேய்த்தீர்கள் என்பதைப் பொறுத்தது, சூரியனை வைத்துச் சரிபாருங்கள். டர்பனில் அது காட்டுவது உண்மையான வடக்கும் அல்ல, ஏறக்குறைய 25 பாகை மேற்கே தள்ளி நிற்கும். பூமியின் காந்தப் புலம் இங்கே அவ்வளவு சாய்வு.

சாப்பாட்டை இடைவேளையோடு முடித்துக்கொள்வது நல்லது. மட்டன் பன்னி சௌ (குடைந்த ரொட்டிக்குள் கறிக்குழம்பு) அருமைதான், வைக்கிங் மண்டபத்துக்கும் பொருத்தம்தான். ஆனால் அதற்கு இரண்டு கையும் இரண்டு கண்ணும் வேண்டும், படத்துக்குக் கண் மிஞ்சாது. படம் ஓடும்போது முறுக்கு, வேகவைத்த நிலக்கடலை. முறுக்கையும் கோட்டைச் சண்டைக்கு வைத்துக்கொள்ளுங்கள், மூடுபனியில் கடித்தால் வீடே அதிரும்.

பின்பாதியில் மூன்று இடங்கள். ஓநாய்க் குழி: கையில் வாளோடு செத்தால்தான் வல்ஹாலா என்ற வீர சொர்க்கம் என்று ராக்னர் நம்புகிறான், எரிக் அவன் கட்டை அறுத்து வாளைக் கொடுக்கிறான், ராக்னர் சிரித்துக்கொண்டே குதிக்கிறான், கொடுத்த கையை ஏலா வெட்டுகிறான். பழைய கதையில் அது பாம்புக் குழி. ஏலா என்ற ராஜா நிஜமாகவே இருந்தான், 867-இல் யார்க் நகரத்துச் சண்டையில் வைக்கிங்குகள் கையில் செத்தான். அடுத்தது கோட்டைத் தாக்குதல். அந்தக் கோட்டை இங்கிலாந்திலேயே இல்லை, பிரான்சில் பிரிட்டனிக் கடற்கரையில் நிற்கும் லா லாட் கோட்டை, கட்டியது 14-ஆம் நூற்றாண்டு. ஐந்நூறு வருடம் பிந்திய கோட்டைக்குள் ராஜா உட்கார்ந்திருக்கிறான். ஆனால் கல் நிஜக் கல், கீழே விழுந்தால் நிஜக் கடல். தூக்கிய பாலக் கதவில் கோடரிகளை எறிந்து பதித்து, அவற்றையே ஏணியாக்கி ஐனார் ஏறுவதைத் தவறவிடாதீர்கள். கோபுர உச்சிச் சண்டையில் வாளைவிட முகங்களைப் பாருங்கள். ஐனாருக்கு இதற்குள் உண்மை தெரியும், எரிக்குக்குத் தெரியாது. ஓங்கிய கை ஒரு நொடி தயங்குகிறது, அந்த நொடியில்தான் எல்லாம் முடிகிறது.

கடைசியில் பிணத்தைக் கப்பலில் ஏற்றிக் கடலில் விட்டுத் தீயம்பு எய்கிறார்கள். 921, 922-இல் வோல்கா ஆற்றங்கரைக்குப் போன அரபுத் தூதர் இப்னு ஃபத்லான் கண்ணால் கண்டு எழுதியது, கப்பலைக் கரைக்கு இழுத்து வைத்து விறகோடு கொளுத்தியதை. நார்வேயில் கிடைத்த கோக்ஸ்டாட், ஒஸெபெர்க் கப்பல்களோ எரிக்காமல் மண்ணில் புதைத்தவை. மிதக்கும் சிதை சினிமாவின் அழகு. கார்டிஃப் அதை அந்தி வெளிச்சத்தில் எடுத்திருப்பதால் அறையில் ஒரு விளக்குகூட எரியக்கூடாது, சாமி விளக்கு தவிர.

இதே மாதிரி இன்னொன்று வேண்டுமென்றால் கார்டிஃப் தானே இயக்கிய 1964-இன் ‘தி லாங் ஷிப்ஸ்’ இருக்கிறது. ரிச்சர்ட் விட்மார்க், சிட்னி பாட்டியே. கப்பல் அழகு, கதை தளர்ச்சி. அதைவிட நல்ல ஜோடி, அதே 1958-இல் எம்.ஜி.ஆர். இயக்கி நடித்து வெளியான ‘நாடோடி மன்னன்’. அதுவும் வாள், அதுவும் அரண்மனை, பிற்பகுதிக்கு வண்ணம் வேறு. ஒரே இரவில் இரண்டையும் போட நினைக்காதீர்கள். அது மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும், பேட்டரி தாங்காது.